மானிப்பாய்க்கு வந்தவர்களும் இங்கிருந்து போக நினைக்கும் பிள்ளையும்

பிள்ளை, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் உயிரியல் பிரிவில் ஏ.எல். படிக்கிறீர்கள். வைத்தியராகி, ஆபிரிக்காவிலோ வேறெங்கோ வைத்தியர் இல்லாத ஊரில் வேலை செய்ய ஆண்டவர் உங்களை அழைக்கிறார் என்று நம்புகிறீர்கள். என்ன படிக்க வேண்டும், எப்படிப் போவது, படித்து முடிப்பதற்குள் இந்த ஆசை வற்றிப்போகாதா, "இங்கையே டொக்டர் இல்லாமல் சனம் அலையுது, நீ எங்கை போகப் போறாய்?" என்று கேட்கும் அம்மாவுக்கு என்ன சொல்வது. இவைதான் உங்கள் கேள்விகள்.

போகலாம், வழி இருக்கிறது. இன்றிலிருந்து எண்ணினால் பத்து வருடமாவது செல்லும். நான் யாழ். மருத்துவ பீடத்தில் படித்து, பிறகு தன்சானியாவின் உட்பகுதியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நாலு வருடம் வேலை செய்தவன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

பரீட்சை விபரங்களுக்கு முதல் கொஞ்சம் யாழ்ப்பாணத்து மானிப்பாய்ப் பக்கம் போய்வருவோம். வெளிநாட்டு மிஷனரி வைத்தியர் ஒருவர் வந்து இறங்கினால் ஊருக்கு என்ன நடக்கும் என்பதை வாங்கும் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் நாங்கள். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஜோன் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்புக்கு வந்தார். நியூயோர்க்கில் தொழில் செய்துகொண்டிருந்தவர். நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன வீட்டில் கிடைத்த சிறு பிரசுரத்தை வாசித்துப் புறப்பட்டவர். 1836இல் சென்னைக்கு மாறிப் போய்விட்டார். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் தொடங்கிய வேலைதான் இன்று "வேலூருக்குக் கொண்டுபோய்க் காட்டினோம்" என்று எங்கள் சனம் சொல்லும் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. ஐடாவுக்கு மிஷனரியாகும் எண்ணமே இருக்கவில்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து, பிரசவத்தில் தவிக்கும் பெண்ணைப் பார்க்க வரும்படி அவரைக் கூப்பிட்டார்கள். நான் வைத்தியர் இல்லை, அப்பா வருவார் என்றார். ஆண் வைத்தியர் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இல்லை. அதற்குப் பிறகுதான் அவர் மருத்துவம் படிக்கப் போனார். அழைப்பு என்று நீங்கள் சொல்வது உங்களுக்கும் ஒருநாள் இப்படி முகமும் பெயரும் உள்ள ஒரு தேவையாக வந்து நிற்கும். அப்படி வராமல் வெறும் உணர்ச்சியாக மட்டும் இருந்தால் அவசரப்பட வேண்டாம், படித்துக்கொண்டே காத்திருங்கள்.

நான் அதிகம் யோசித்தது அதே அமெரிக்க மிஷனின் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீனைப் பற்றித்தான். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது அவருக்கு ஏறத்தாழ 25 வயது. அடுத்த வருடமே இங்குள்ள இளைஞர்களுக்கு மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கிவிட்டார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். ஆனால் ஆங்கிலத்தில் படித்து முடித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் கிடைத்து வெளியிடங்களுக்குப் போய்விட்டார்கள். கிராமத்துக்கு வைத்தியர் இல்லை என்ற நிலைமை அப்படியே இருந்தது. அதனால் 1860களில் அவர் முழுக்கத் தமிழுக்கு மாறினார். ஆங்கிலம் படித்தால் உத்தியோகம் கிடைக்குமே என்று நினைத்த மாணவர்களுக்கு அது பிடிக்கவில்லை. கிறீன் விடவில்லை. தமிழில் பாடப்புத்தகம் கிடையாதே என்றால், அதையும் தன் தமிழ் மாணவர்களோடும் உதவியாளர்களோடும் இருந்து ஆக்கினார். அறுவைச் சிகிச்சை பற்றிய 'இரணவைத்தியம்' 1867இல் வந்தது. இரசாயனத்துக்கான 'கெமிஸ்தம்' 1875இல், அவர் இங்கிருந்து போன பிறகு வந்தது. நரம்புக்கும் தசைக்கும் நாளத்துக்கும் எந்தச் சொல் பொருந்தும் என்று ஒரு அமெரிக்கர் மானிப்பாயில் இருந்து மண்டையை உடைத்திருக்கிறார். அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் வைத்தியர்களை உருவாக்கிவிட்டு 1873இல் ஊர் திரும்பினார், 1884இல் இறந்தார். தமிழர்களின் மருத்துவ ஊழியர் என்ற பொருளில்தான் அமெரிக்காவில் அவருடைய கல்லறையில் எழுதியிருக்கிறது.

கிறீன் எத்தனை பேருக்குச் சத்திரசிகிச்சை செய்தார் என்று இன்று யாரும் கேட்பதில்லை. அவர் கப்பலேறிய அடுத்த நாளும் மானிப்பாயில் நோயாளியைப் பார்க்க ஆள் இருந்தது. அந்த ஆள் தமிழில் நோயை விளங்கிக்கொண்டவர். நான் உங்களுக்குச் சொல்ல இருப்பது எல்லாம் இந்த இடத்திலிருந்துதான் வருகிறது. வெளிநாட்டுக்குப் போகிறோம் என்றால், நாங்கள் இல்லாத நாளுக்காகவும் சேர்த்து வேலை செய்யத்தான் போகிறோம்.

இதே கதையை எத்தியோப்பியாவிலும் காணலாம். அவுஸ்திரேலியரான கத்தரின் ஹம்லினும் கணவரும் 1959இல் அடிஸ் அபாபாவுக்குப் போனார்கள். பிரசவம் நாள்கணக்காக இழுபட்டால், குழந்தையின் தலை அழுத்தி உள்ளே சதை செத்து, மூத்திரப் பைக்கும் பிறப்பு வழிக்கும் இடையில் ஓட்டை விழும். அந்தப் பெண்ணுக்கு நாள் முழுக்க மூத்திரம் ஒழுகிக்கொண்டே இருக்கும்; கணவன் விட்டுவிடுவான், வீட்டில் ஒதுக்கி வைப்பார்கள். எங்கள் ஊரில் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்து, நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவதால் இந்த நோயை நாங்கள் மறந்தேவிட்டோம். ஹம்லின் தம்பதி அதற்கென்றே 1974இல் ஒரு ஆஸ்பத்திரியைத் திறந்தார்கள். அங்கே என்னைத் தொட்ட ஆள் மமித்து காஷே. எழுத வாசிக்கத் தெரியாத கிராமத்துப் பெண். நோயாளியாக அவர்களிடம் வந்தவர். குணமான பிறகு அங்கேயே தங்கி, சத்திரசிகிச்சையின்போது பக்கத்தில் நின்று நின்று பழகி, பிறகு தானே அந்தச் சத்திரசிகிச்சையைச் செய்தார். வெளியிலிருந்து வந்த வைத்தியர்களுக்கும் பழக்கினார். ஒரு மிஷனரி வைத்தியர் விட்டுப்போகக்கூடிய சொத்து என்றால் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருவார்.

சரி, படிப்புக்கு வருவோம். இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ரியூசன் மாஸ்டர்மார் உங்களுக்கு என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். அரச பல்கலைக்கழக மருத்துவ பீடம் கிடைப்பதுதான் எல்லா வழிகளிலும் நல்லது. ஏ.எல். பெறுபேற்றைத் தரப்படுத்திக் கணக்கிடும் இசற் (Z) புள்ளியின்படி, இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமையிலும், 55 வீதம் மாவட்டப் பங்கிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகும். யாழ்ப்பாண மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி உயரமாகத்தான் நிற்கும். முதல் தரம் கிடைக்காவிட்டால் இரண்டாம், மூன்றாம் தரம் எடுப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எங்கள் பீடம் 1978இல் தொடங்கியது, போரெல்லாம் தாண்டி நின்ற பீடம். எம்.பி.பி.எஸ். ஐந்து வருடம், முழுவதும் ஆங்கிலத்தில். பிறகு ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி, அதன் பின்னர் இலங்கை மருத்துவ சபையில் முழுப்பதிவு. வெளிநாட்டில் காசு கட்டிப் படித்தால் இங்கே வந்து ஈ.ஆர்.பி.எம். பரீட்சை எழுத வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் கடன். காணியை ஈடு வைத்துப் படித்த பிள்ளை கைச்செலவு மட்டும் தரும் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. அந்தக் கடன் அடையும்வரை உங்கள் அழைப்பு காத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் அரச பீடத்தை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

பதிவு கிடைத்த உடனே விமானம் ஏறிவிடாதீர்கள். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். நல்ல மனது மட்டும் கொண்டு போகும் அனுபவமில்லாத வைத்தியர் அங்குள்ளவர்களுக்குச் சுமைதான். குறைந்தது இரண்டு மூன்று வருடம் இங்கே, முடிந்தால் சிறிய ஆஸ்பத்திரிகளில், வேலை செய்யுங்கள். சிசேரியன் தனியாகச் செய்யப் பழகுங்கள். முதுகில் ஊசி போட்டு விறைக்கச் செய்வது, மூச்சு விடாமல் பிறந்த குழந்தையை மூச்செடுக்க வைப்பது, முறிவுக்குக் கட்டுப் போடுவது, ஸ்கான் இயந்திரத்தை நீங்களே பிடித்துப் பார்ப்பது எல்லாம் கைக்கு வரவேண்டும். பெரியாஸ்பத்திரியில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிபுணர் இருக்கிறார். நீங்கள் போகும் இடத்தில் எல்லாவற்றுக்கும் நீங்கள் ஒருவர்தான். இந்த வருடங்களுக்குப் பிறகு வெப்பமண்டல நோய்களுக்கான டிப்ளோமா ஒன்று செய்தால் நல்லது. லிவர்பூலிலும் லண்டனிலும் இதற்கென்றே நூறு வருடத்துக்கு மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன, சில மாதப் படிப்புத்தான்.

அந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்பதற்கு என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறேன்.

இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் சான்றளித்தது. பெருமையான விஷயம். ஆனால் இங்கே படித்த எங்களுக்கு மலேரியா புத்தகத்தில் உள்ள நோய். காய்ச்சல் என்றால் எங்கள் கை முதலில் டெங்குவுக்கான இரத்தப் பரிசோதனைத் துண்டைத்தான் எழுதும். நான் தன்சானியாவுக்குப் போய் இரண்டாம் கிழமை, விடியற்புறம் ஒரு தாய் மூன்று வயது மதிக்கத்தக்க பொடியனை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு வந்தாள். இரவு முழுக்க நடந்து வந்திருக்கிறாள், கால் முழுக்கச் செம்மண். பிள்ளைக்கு வலிப்பு. நான் மூளைக்காய்ச்சல் என்று நினைத்து, முதுகுத்தண்டில் நீர் எடுக்க ஊசி தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற தாதி பிள்ளையின் உள்ளங்கையை விரித்து என் பக்கம் திருப்பினார். இரத்தம் இல்லாமல் வெள்ளைக் கடதாசி மாதிரி இருந்தது. "டொக்டர், சீனி பார்த்தீர்களா?" என்று மெல்லக் கேட்டார். விரலில் குத்திப் பார்த்தால் குளுக்கோஸ் 30க்கும் கீழே. மலேரியா மூளையைத் தாக்கும்போது சீனி விழும் என்று எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். அந்த நேரத்தில் அது என் கைக்கு வரவில்லை. தாதிதான் குளுக்கோஸ் ஏற்றினார், மலேரியாவுக்கான ஆர்டிசுனேட் ஊசியை எடுத்துத் தந்தார், இரத்தம் கொடுக்க உறவுக்காரர் யாராவது வந்திருக்கிறார்களா என்று வெளியே போய்க் கேட்டார். பின்னேரம் பிள்ளை தாயைப் பார்த்து அழுதான். அந்த அழுகையைக் கேட்டு நான் மருந்தறைக்குள் போய் நின்றுவிட்டேன்.

அன்றிலிருந்து மூன்று மாதம் நான் அந்தத் தாதியின் மாணவன். வெளிநாட்டிலிருந்து போகும் வைத்தியர் முதல் வருடம் படிக்கத்தான் வேண்டும். தெரிந்த மாதிரிக் காட்டிக்கொண்டால் யாராவது ஒரு பிள்ளை செத்துப்போகும்.

பாஷையும் அப்படித்தான். மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சுவாகிலியில் நான் முதலில் படித்தது "இனாஉமா ஹாப்பா?" இந்த இடத்தில் நோகுதா என்று அர்த்தம். இரண்டாவது "போலே". நோயாளியைப் பார்த்தும், கல் தடுக்கி விழுந்தவரைப் பார்த்தும், பாரம் தூக்கிக்கொண்டு போகிறவரைப் பார்த்தும் அங்கே "போலே" என்பார்கள். எங்கள் பேச்சில் "ஐயோ பாவம்" இருக்கிறது, ஆனால் அது கொஞ்சம் தள்ளி நின்று சொல்வது. "போலே" அருகில் வந்து சொல்வது. அந்தச் சொல்லைச் சரியாகச் சொல்லப் பழகிய பிறகுதான் பெண்கள் என்னிடம் தங்கள் நோயை முழுதாகச் சொல்லத் தொடங்கினார்கள். போகும் நாடு முடிவானதும் ஆறு மாதமாவது அந்தப் பாஷையைப் படித்துவிட்டுப் போங்கள்.

இனி விசுவாசம். இதை யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதும்போது கவனமாக எழுத வேண்டும். கிறீன் பிறந்த அதே 1822இல்தான், மிஷனரிகளின் மதமாற்றத்தை எதிர்த்துச் சைவத்துக்காக நின்ற ஆறுமுக நாவலரும் நல்லூரில் பிறந்தார். பள்ளிக்கூடத்தையும் மருந்தையும் காட்டிச் சனத்தை மதம் மாற்றுகிறார்கள் என்ற கோபம் இந்த மண்ணில் இருந்தது, அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. நான் சபையில் வளர்ந்தவன், ஞாயிறு ஆராதனை தவறவிடாதவன், ஆனாலும் இதைச் சொல்கிறேன். கட்டிலில் படுத்திருப்பவர் உங்களை எதிர்த்துப் பேச முடியாத நிலையில் இருக்கிறார். அவருக்கு உங்கள் மருந்து தேவை. அந்த நேரத்தில் அவரிடம் மதத்தைப் பேசினால் அவர் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலை விசுவாசம் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், காசும் கொடுத்தான். அடிபட்டவன் எந்தக் கோயிலுக்குப் போகிறவன் என்று கேட்கவில்லை. உலக மருத்துவ சங்கம் 1948இல் வெளியிட்ட ஜெனீவாப் பிரகடனமும் மதம் பார்த்து வைத்தியம் செய்வதில்லை என்றே வைத்தியரை உறுதிமொழி எடுக்கச் செய்கிறது. ஜெபிக்கச் சொல்லி நோயாளி கேட்டால் ஜெபியுங்கள். நான் பல தரம் ஜெபித்திருக்கிறேன். ஒரு முஸ்லிம் தகப்பன் தன் மகனுக்காகத் தன் முறையில் தொழுதபோது பக்கத்தில் பேசாமல் நின்றும் இருக்கிறேன். உங்களை அனுப்பும் அமைப்பு "இத்தனை பேரை மாற்ற வேண்டும்" என்று கணக்குக் கேட்டால், அந்த அமைப்போடு போகாதீர்கள்.

அமைப்புகளைத் தெரிவுசெய்வதில் இன்னும் சில விஷயம். மிஷன் வழியாகப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் சம்பளம் என்று பெரிதாக எதுவும் இல்லை. சபைகளும் தெரிந்தவர்களும் மாதாமாதம் கொடுக்கும் காசில்தான் வாழ்க்கை. எங்கள் சபைகள் அனுப்பிப் பழகியவை இல்லை, 200 வருடமாக வாங்கிப் பழகியவை. அதனால் இப்போதே உங்கள் போதகரிடமோ பங்குத் தந்தையிடமோ பேசத் தொடங்குங்கள், பத்து வருடம் அவர்களுக்கும் தேவை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு மத அமைப்பு இல்லை, ஆனால் உங்கள் விசுவாசத்தோடு அங்கும் வேலை செய்யலாம்; போர்க்காலத்தில் பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் அவர்கள் வேலை செய்ததை எங்கள் தலைமுறை மறக்காது. ஆபிரிக்க வைத்தியர்களையே சத்திரசிகிச்சை நிபுணர்களாகப் பயிற்றுவிக்கும் மிஷன் ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓமென்று சொல்லுங்கள். அப்புறம் பதிவு விஷயம்: எந்த நாடானாலும் அந்த நாட்டு மருத்துவ சபையின் அனுமதி இல்லாமல் ஒரு ஊசியும் போடாதீர்கள். "இங்கே யாரும் கேட்பதில்லை" என்று சொல்லும் இடங்கள் உண்டு. கேட்பதற்கு ஆள் இல்லாத நோயாளிகள்தான் அங்கே இருக்கிறார்கள், அதனால்தான் பதிவு இன்னும் முக்கியம்.

ஆசை வற்றிப்போகுமா என்று கேட்டீர்கள். நடுவில் வற்றும், எனக்கும் வற்றியது. மூன்றாம் வருடத்தில் பரீட்சைப் பயத்தில் ஜெபமும் நின்றுபோனது. பிறகு முதல் சம்பளம் வந்தது, வாகனக் கடன் பேச்சு வந்தது, வீட்டில் கலியாணப் பேச்சும் கூடவே சீதனப் பேச்சும் வந்தது. இவை ஒன்றும் பாவம் இல்லை. ஆனால் மாதச் செலவை ஒருதரம் உயர்த்திவிட்டால் இறக்குவது கஷ்டம். போக நினைத்திருந்த என் நண்பர்கள் பலர் விசுவாசம் குறைந்து நிற்கவில்லை, தவணைக் காசு கட்ட வேண்டி நின்றுவிட்டார்கள். கலியாணத்தைப் பொறுத்தவரை, பெண் பார்க்க வரும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகும் இருப்பவர் இருக்கட்டும்.

கடைசியாக அம்மாவின் கேள்வி. அம்மா சொல்வதில் உண்மை இருக்கிறது, அதைத் தட்டிவிடாதீர்கள். குறிகட்டுவானில் படகேறினால் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் நெடுந்தீவு. கடல் கொந்தளிக்கும் நாளில் அங்கே ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தால் அவளும் வைத்தியர் எட்டாத இடத்தில்தான் இருக்கிறாள். முல்லைத்தீவின் உட்கிராமங்களும் அப்படித்தான். அதனால் அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "முழுப்பதிவு கிடைத்ததும் இரண்டு வருடம் நெடுந்தீவிலோ வன்னியிலோ வேலை செய்கிறேன், அதற்குப் பிறகு பேசுவோம்." இது அம்மாவைச் சமாளிக்கும் தந்திரம் இல்லை, உண்மையாகவே செய்யுங்கள். மின்சாரம் போன இரவில், எடுத்துக் கேட்கப் பெரிய டொக்டர் இல்லாமல், ஒரு தாயையும் பிள்ளையையும் உங்கள் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, இந்த வேலைக்கு நீங்கள் ஏற்ற ஆளா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். சிலர் அந்த இரண்டு வருடத்துக்குப் பிறகு அங்கேயே தங்கிவிடுவார்கள். அப்படி நடந்தால் அழைப்பு தவறிவிட்டது என்று வருத்தப்பட வேண்டாம், நெடுந்தீவாருக்கு ஒரு டொக்டர் கிடைத்தார்.

இப்போதைக்குப் பரீட்சையைப் பாருங்கள். இரசாயனவியலில் புள்ளி குறைகிறது என்று எழுதியிருந்தீர்கள், சேதனப் பகுதியைத்தான் அதிகம் செய்ய வேண்டும். ஏ.எல். முடிந்து பெறுபேறு வரும்வரை மாதக்கணக்கில் ஓய்வு இருக்கும். அந்த நாள்களில் மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலைக்குப் போய், ஒரு கிழமை நோயாளர் அறையில் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவாவது விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.